உறைமண்

பந்தல்குடி ரோட்டில், பாலம் ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், உச்சி வெயிலில் ஓர் ஆள் சரிவில் குனிந்து களையெடுக்கிறான் என்று முதலில் சொன்னவன் ஒரு லாரிக்காரன். அவன் டீக்கடையில் சொன்னான். டீக்கடைக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரிதான். சாயங்காலத்துக்குள் ஓடைக்கரைப்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு கை உப்புப் போட்டதில், குனிந்தவன் நிமிர்ந்தான், நிமிர்ந்தவன் திரும்பினான், திரும்பியவனுக்கு முகமே இல்லை என்கிற வரைக்கும் கதை வந்து நின்றது.

யாரும் பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தார் ரோட்டுச் சரிவில் களையெடுத்த மனுசர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒருத்தர்தான். பால்சாமி. அவர் செத்துப் பதினோரு மாசம் ஆகியிருந்தது.

சேதி குருவம்மாளின் காதுக்கு வந்தபோது அவள் புஞ்சையில் நின்றாள். ஐப்பசி மழைக்கு முளைத்த குதிரைவாலி இரண்டு விரல்கடை உயரம் வந்திருந்தது. சொல்ல வந்தவள் பயந்துகொண்டே சொன்னாள். குருவம்மாள் பயப்படவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அவுக வாரதா இருந்தா இங்கயில்ல வரணும்? பொண்டாட்டி ஒத்தையில கெடந்து மண்ணக் கெட்டி அழுகுறா. அங்க ரோட்டுல என்ன ஜோலி அவுகளுக்கு?"

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருந்தபோதும் அந்த மனுசர் கடைசி ஒரு வருஷம் ரோட்டோடுதான் கிடந்தார். செத்த பிறகாவது வீடு வந்து சேருவார் என்று நினைத்திருந்தாள்.

அது வெறும் ரோடு இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சரிவில் கொட்டிக் கிடக்கிற மண் பால்சாமியின் மண்.

பால்சாமிக்கு ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் மேட்டுப்புஞ்சை. நல்ல கரிசல். ஆனால் மேடு. பெய்கிற மழையெல்லாம் ஒரு நாழிகை நிற்காமல் சரிந்து ஓடையைப் பார்த்துப் போய்விடும். பக்கத்துப் புஞ்சையில் ஈரம் பத்து நாள் நின்றால் இங்கே நாலு நாள். அவர் வாழ்நாள் முழுக்க அந்த ஆறு நாளைத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். வானத்தை நம்பி வெள்ளாமை செய்கிற சம்சாரிக்குத் தண்ணீர் நிற்கும் என்று யார் சொன்னாலும் தெய்வவாக்கு.

சொன்னவன் அவர் கூடப்பிறந்த தம்பி வெள்ளத்துரை. ரோட்டை உயர்த்துகிற வேலைக்கு மண் எடுத்த ஒரு காண்ட்ராக்டரிடம் அவன் டிப்பர்களை மேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, மேட்ட மூணடி எடுத்துட்டா புஞ்சை தாழ்ந்துரும். சுத்தித் தண்ணி வந்து நிக்கும். வெட்டுகூலி நமக்கு இல்ல, அவங்களே வெட்டிக்குவாங்க" என்றான். அவன் மனசில் கள்ளம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அண்ணன் புஞ்சையில் தண்ணீர் நிற்கும் என்று அவனும் நம்பினான். இந்தத் தப்பைக் கரிசக்காட்டுக்காரன்தான் செய்வான். தண்ணீர் நிறைந்த ஊர்க்காரனுக்கு மண்ணை விற்று ஈரம் வாங்குகிற யோசனையே வராது.

இரண்டே நாள். மூன்றடி போனது. கரிசல் முழுக்கப் போய், அடியில் இருந்த சுக்கான் வெள்ளை வெளேர் என்று மேலே வந்தது. சுண்ணாம்பும் கல்லும் இறுகிக் கிடக்கிற அந்தத் தரையில் கடப்பாரை போட்டால் தீப்பொறி வரும். சொன்னபடி தண்ணீரும் நின்றது. கழனித்தண்ணி மாதிரி வெள்ளையாக நின்று, யாருக்கும் உதவாமல் வற்றியது. அடுத்த மழைக்கு வேலிக்கருவை முளைத்தது. ஊர்க்காரர்கள் அதற்குச் சுக்கான்குழி என்று பேர் வைத்தார்கள்.

அந்த வருஷக் கார்த்திகையில் பால்சாமி அருப்புக்கோட்டை போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, பாலத்துக்கு முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்தவர், "ஏ நிறுத்துங்கப்பா" என்று கத்திவிட்டார். ரோட்டுச் சரிவில் குதிரைவாலி முளைத்து நின்றது. அவர் வருஷா வருஷம் விதைத்த குதிரைவாலி. உதிர்ந்த விதை மண்ணோடு லாரி ஏறிப் போய் அங்கே முளைத்திருக்கிறது.

அன்றைக்கு இறங்கியவர்தான். தினமும் உச்சிக்குக் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "என்னங்க, கிறுக்கா உங்களுக்கு? ஊரு சிரிக்குது" என்று குருவம்மாள் கேட்டால், "நம்ம புஞ்சைடி அது. களை மண்டுனா விட்டுட்டு இருப்பியா?" என்பார். பிடுங்கிய களையை மற்றவர்கள் போல் வீசிவிட மாட்டார். வேர் வானத்தைப் பார்க்க, தலை கீழாகக் கவிழ்த்து வரிசையாகப் படுக்கவைப்பார். பனிக்கு மறுபடி வேர் பிடித்துவிடக் கூடாதாம். குருவம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்த பழக்கம் அது.

இரண்டாவது கார்த்திகையில், குனிந்து களையெடுத்தவர் நடுமுதுகு நோக நிமிர்ந்து இரண்டெட்டு பின்னால் வைத்தார். பின்னால் ரோடு. லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். செருப்பு கிடைத்தது. பச்சைக்கரைத் துண்டு கிடைத்தது. களைக்கொத்தி மட்டும் கிடைக்கவில்லை.

ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைத்தான். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வாசலில் வந்து நின்ற வெள்ளத்துரையைப் பார்த்துக் குருவம்மாள் ஊர் கூடியிருக்கையில் சொன்னாள். "எம் புருசன நீ அன்னைக்கே லாரியில ஏத்தி அனுப்பிட்ட. இன்னைக்கு வந்தது பொணந்தான். இனி எங்கூடப் பேசாத."

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, அவனும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த ரோட்டுப் பக்கமும் அவள் போகவில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் திருச்சுழி பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவாள்.

சித்திரையில் மகள் நாகஜோதி மல்லாங்கிணற்றிலிருந்து வந்தாள். கட்டிக்கொடுத்து எட்டு வருஷமாகிறது. கரண்டு தயாரிக்கிற சோலார் கம்பெனி பக்கத்துப் புஞ்சைகளையெல்லாம் குத்தகைக்கு வளைத்துக்கொண்டிருந்தது.

"யம்மா, சுக்கான்குழியில இனி என்னத்த வெளையும்? குடுத்துட்டு எங்கூட வந்துரு. நீ ஒத்தையில கெடக்குறது எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"அதுல கண்ணாடிய நட்டு வச்சா மண்ணு என்னாகும்டி?"

"மண்ணா? அங்க எங்கம்மா மண்ணு இருக்கு?"

குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. மகள் சொன்னதில் பொய்யில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள். "இந்த ஒரு வெள்ளாமை பாக்கேன். தை பொறக்குறதுக்குள்ள கதிரப் பாக்கலேன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன். சத்தியம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கண்மாய் வறண்டு கிடந்தது. வண்டல் அள்ளத் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து, நாலு தரம் திருச்சுழிக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். அதற்குள் உளிக்கலப்பை விட்டுச் சுக்கானை உடைத்தாள். உடைந்த கல்லைப் பொறுக்கி, புஞ்சைச் சரிவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் வரப்பாக அடுக்கினாள். ஓடுகிற தண்ணீர் முட்டி, யோசித்து, பிறகு போக வேண்டும் என்பது அவள் கணக்கு. மூன்று நாள் ஆட்டுக்கிடை போட்டாள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து, செத்துக் கிடந்த தரையில் ஏதோ ஒரு வாடை வந்தது. அந்த வாடையே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

வண்டல் ஓட்ட வந்தவன் சோலைச்சாமி. நல்லவன்தான், ஆனால் சோம்பேறி.

"யக்கா, கரையோரம் எடுப்போம். ட்ராக்டரு எறங்கி ஏற லேசா இருக்கும்."

"அது வரத்துக்கால் வாய்ப்பா. ஓடியாற தண்ணி மொதல்ல கீழ போடுறது மணலு. எனக்கெதுக்கு மணலு? மடைக்கு முன்னால எடு."

"அங்கன டயரு பதியும்க்கா."

"பதியட்டும். பதிஞ்சாத்தேன் வண்டலு."

தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு கண்மாய் வயிற்றுக்குள் நாலு நாள் காவல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து உருட்டிப் பார்ப்பாள். உருண்டை வெடிக்காமல் நிற்க வேண்டும். நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். உப்புக் கரித்தால், "இங்கன வேணாம், தள்ளி எடு" என்பாள். சோலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு தள்ளி எடுப்பான்.

கடைசி லோடைத் தட்டிவிட்டு அவன் தூக்குவாளிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னான். "வண்டலு பாலு மாதிரிக்கா. உறை ஊத்தாம தயிராகாது. எங்கய்யா வண்டலடிச்சா பழைய மண்ணோட கலந்துதேன் உழுவாரு. ஒங்க புஞ்சையில பழைய மண்ணு ஒரு சட்டியாவது மிச்சம் இருக்கா?"

குருவம்மாள் கையிலிருந்த வண்டல் உருண்டையைக் கீழே போட்டாள். பழைய மண் எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். கேட்ட பிறகுதான் நினைவு வந்ததுபோல, மிளகாயைக் கடித்துவிட்டு அவன் பேச்சை மாற்றினான்.

புரட்டாசிக் கடைசியில் விவசாய ஆபீஸில் கொடுத்த குதிரைவாலி விதையை விதைத்தாள். மழை ஐப்பசி மூணாந்தேதி விழுந்தது. குடையில்லாமல் நின்று பார்த்தாள். தண்ணீர் வந்தது, முதல் வரப்பில் முட்டியது, நின்றது. பால்சாமி ஏங்கின தண்ணீர். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தரை முழுக்கக் குடித்து முடித்திருந்தது. "பாத்தீகளா" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை.

ரோட்டில் களையெடுக்கிறார் என்கிற சேதி வந்தது அதற்கப்புறம்தான்.

கார்த்திகையில் மழை போக்குக் காட்டியது. ஒரு வாரம், இரண்டு வாரம், இருபத்திரண்டு நாள். வண்டல் காய்ந்து, வெயிலில் போட்ட அப்பளமாக விளிம்பு சுருட்டிக்கொண்டு எழுந்தது. அடியில் சுக்கானுக்குள் வேர் இறங்க முடியவில்லை. மேலே வண்டல், கீழே சுக்கான். இரண்டும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிற ஆட்களைப் போல ஒட்டாமல் கிடந்தன. பயிர் நுனியிலிருந்து வெளுத்து வந்தது.

உச்சி நேரத்தில் அந்தப் புஞ்சை சத்தம் போட ஆரம்பித்தது. காய்ந்த மண்பத்தைகள் ஒன்றையொன்று உரசி, சடக் சடக் என்று, யாரோ மெல்ல நடந்து வருகிற மாதிரி. குருவம்மாள் வரப்பில் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். மண் வெடிக்கிற சத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். யாரும் வர மாட்டார்கள். பயமாக இருக்காது. வராமல் போவதுதான் தாங்க முடியாமல் இருக்கும்.

மார்கழி பாதியில் பயிர் முழுக்கக் கருகியது. கதிர் என்று ஒன்றுகூட வெளியே வரவில்லை. மார்கழிக் கடைசி வாரத்தில் நாகஜோதி போன் பண்ணினாள்.

"யம்மா, கம்பெனி ஆளுக நாளைக்கு மத்தியானம் வாராக. நானும் வாரேன். பத்திரத்த எடுத்து வையி."

"சரித்தா" என்றாள் குருவம்மாள். சத்தியம் பண்ணியாயிற்று. வேறென்ன சொல்வது?

அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியக் கருக்கலில் எழுந்து முற்றம் தெளிக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சம்சாரி மூளைக்குத்தான் வரும். ரோட்டில் களை எடுக்கிறார், களை எடுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்கிறதே. ஆவியோ பேயோ, எதுவோ இருக்கட்டும். களையெடுக்க ஓர் ஆள் வருகிறதென்றால், அங்கே பயிர் இருக்க வேண்டுமே!

வாளியை அப்படியே வைத்தாள். ஒரு சாக்கையும் பண்ணரிவாளையும் எடுத்துக்கொண்டு பந்தல்குடி போகிற முதல் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் அந்த ஊர்ப்பக்கத்துப் பையன். பாலத்துக்கு முன்னால் இறங்க வேண்டும் என்றதும் ஒன்றும் கேட்காமல் விசில் அடித்தான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கால் வைத்தாள். லாரி போகிற காற்றில் சேலை இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு சரிவோரம் வந்து நின்று, பிறகு திறந்தாள்.

நின்றது. இடுப்புயரம் குதிரைவாலி, கதிர் முற்றித் தலை சாய்ந்து, ஒரு வீட்டு முற்றம் அகலத்துக்கு நின்றது. இருபத்திரண்டு நாள் காய்ச்சல் அதை ஒன்றும் செய்யவில்லை. அடியில் மூன்றடிக் கரிசல். மேலே தார் ரோட்டில் விழுந்த தூறல்கூட வழிந்து அதற்குத்தான் வந்திருக்கிறது. சுற்றிலும் கருவை முள் வெட்டி, ஆடு நுழையாமல் அடைத்திருந்தது. உள்ளே ஒரு களை இல்லை.

பிடுங்கிய களை ஓரத்தில் கிடந்தது. வரிசையாக, வேர் வானத்தைப் பார்க்க, தலை கீழாகக் கவிழ்ந்து கிடந்தது.

குருவம்மாள் அதன் பக்கத்தில் குனிந்தாள். அப்போதுதான் பயிருக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு தெரிந்தது. குனிந்த முதுகு. அதே அகலம், அதே கூன். தோளில் அதே பச்சைக்கரைத் துண்டு. "என்னங்க" என்று அவள் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

முதுகு நிமிர்ந்தது. திரும்பியது. முகம் இருந்தது. வெள்ளத்துரை.

அவன்தான் முதலில் பேசினான். கையில் முள்கவையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரிடம் மாட்டின பிள்ளையாக நின்றான். ஐம்பது வயசு ஆள்.

"முள்ளு சரிஞ்சிருந்துச்சு மதினி. அதான் தூக்கி வைக்க வந்தேன். போயிர்றேன்."

அவள் கண் கவிழ்ந்து கிடந்த களையை விட்டு நகரவில்லை.

"அண்ணன் பாத்த பயிரு. ஆடு மேஞ்சுரும்னுட்டு... கார்த்திகை பொறக்கவும் வந்து அடைச்சேன். வேற ஒண்ணும் தொடல. நீங்க வார நேரம் எதுக்க வந்துரக் கூடாதுன்னுதேன் வெள்ளனவே வந்துட்டு வெள்ளனவே போயிருவேன்."

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் வார நேரமா?"

"உச்சிக்குத்தான வாறீக? லாரிக்காரங்க ஆள் நடமாட்டம் இருக்குன்னு சொன்னாகள்ல. நான் மொத மொத முள்ளு அடைக்க வந்தப்பவே முக்காவாசிக் களை எடுத்துக் கெடந்துச்சு. அண்ணன் மாதிரியே வேர மேல போட்டு... மதினியத் தவிர இப்படிப் போட யாருக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறமும் வாரம் ஒருக்கா புதுசா கெடக்கும். களைய நான் தொடல மதினி. ஒங்க வேலைல கை வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

அவன் முள்கவையைக் கீழே போட்டான். "தண்ணி நிக்கும்னுதேன் சொன்னேன் மதினி. சத்தியமா தண்ணி நிக்கும்னுதேன்..."

ஒரு லாரி போனது. கதிர்கள் எல்லாம் சாய்ந்து எழுந்தன. குருவம்மாள் கவிழ்ந்து கிடந்த களையில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வேரில் ஒட்டியிருந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. நேற்றுப் பிடுங்கினது. தான் இந்தப் பக்கம் ஒரு வருஷமாக வந்ததே இல்லை என்று அவனிடம் சொல்ல வாய் எடுத்தாள். சொல்லவில்லை. களையை எடுத்த இடத்திலேயே, வேர் மேலே இருக்கும்படி, திரும்ப வைத்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து சாக்கை உருவினாள்.

"இந்தாப்பா. சாக்கைப் பிடி."

பதின்மூன்று மாசத்துக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வெள்ளத்துரை இரண்டு கையாலும் சாக்கை விரித்துப் பிடித்தான். அவள் கதிரைக் கொய்து போட்டாள். முற்றின மணி சாக்கில் விழுகிற சத்தம் அவளுக்குப் புருசன் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, துடைக்காமல் அறுத்தாள்.

பாதியில் போன் அடித்தது. நாகஜோதி.

"எங்கம்மா இருக்க? வீடு பூட்டிக் கெடக்கு. கம்பெனிக்காரங்க வந்துருவாக."

"வரவேணாம்னு சொல்லிரு."

"சத்தியம் பண்ணுனியேம்மா! தைக்குள்ள கதிரு..."

"தை பொறக்க இன்னும் ஆறு நாளு கெடக்குடி. நம்ம மண்ணுல வெளஞ்ச கதிரு எங்கையில இருக்கு. சாவி நெலைக்கு மேல இருக்கு, தொறந்து அடுப்புல ஒலைய வையி. ஒங்க சித்தப்பனும் சாப்பிட வாரான்."

அந்தப் பக்கம் நாகஜோதி மெதுவாக, "சித்தப்பாவா?" என்று கேட்டாள். குருவம்மாள் போனை அமர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொய்த தாளின் தூரில், நாலைந்து இடத்தில் அரிவாள் மூக்கால் கிளறி, கறுப்பு மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தாள். இரண்டு படி இருக்கும். வெள்ளத்துரை புரியாமல் பார்த்தான்.

"உறைக்கு" என்றாள். "இனிமே மாசம் ஒருக்கா வந்து ஒரு சட்டி அள்ளீட்டுப் போகணும். அங்க கலந்து உழணும். மூணு வருசமோ அஞ்சு வருசமோ ஆகும். நீதேன் சுமக்கணும்."

"சுமக்கேன் மதினி."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் அவர்கள் நிழல் குறுகிக் காலடிக்கு வரத் தொடங்கியது. சாக்கின் வாயைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்ட வெள்ளத்துரை, சரிவின் கிழக்கு மூலையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு கட்டு அளவுக்குக் கதிர் அறுக்காமல் நின்றது. நல்ல கதிர், இருக்கிறதிலேயே நீளமான கதிர்.

"மதினி, அந்த மூலைய விட்டுட்டீகளே."

குருவம்மாள் திரும்பிப் பார்க்காமல் முள்ளை இழுத்து வழியை அடைத்தாள்.

"உச்சி ஆகப்போகுது, வா போவோம்" என்றாள். "அது நிக்கட்டும். களையெடுத்தவுகளுக்குக் கூலி வேணும்ல."